கம்பெனியில் நின்ற வண்டி

ஹாஜாவின் அம்பாசிடருக்கு வேறு என்ஜின் போடவேண்டும் என்பது மேலப்பாளையம் டாக்சி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஹாஜாவைத் தவிர. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஆள் கொண்டுபோய் விடுவதுதான் அவன் பிழைப்பு. ஊரில் வீட்டுக்கு ஒருவர் அரபு நாட்டில் இருந்ததால் சவாரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வண்டி ஆரல்வாய்மொழி ஏற்றத்தில் மூச்சுத் திணறி நின்றுவிடும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, அது ஆறுகிறவரை எல்லோரும் இறங்கிக் காற்று வாங்கவேண்டும். தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதம் அப்படிக் காற்று வாங்கியதில் ஒருவர் கடைசி ஆளாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விமானத்துக்கு ஓடினார். அன்றைக்குத்தான் ஹாஜாவுக்கும் தெரிந்தது.

நான் சிவசண்முகம். திருநெல்வேலி சந்திப்பில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தேன். கடைக்காரனுக்கு மெக்கானிக்குகளைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை. தேய்ந்த சாமானைக் கொண்டுவந்து நீட்டி, "இதே மாதிரி ஒண்ணு" என்று கேட்கிறவர்களைத்தான் இருபது வருஷமாகப் பார்த்திருந்தேன். ஏன் தேய்ந்தது என்று சொன்னவன் ஒரே ஒருத்தன், ஹாஜாவின் தங்கை மாப்பிள்ளை ரசீது.

ரசீதுக்கு ஷார்ஜாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை. பதினொரு வருஷமாக அங்கே இருந்தான். ஊரில் அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. அதனால் லீவில் வந்தால் மாமியார் ஜமீலா பீவி வீட்டில்தான் தங்கல். அந்தத் தை மாதம்தான் வந்திருந்தான். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் விசா செல்லாமல் போய்விடும். ஆடி பிறப்பதற்குள் போயாக வேண்டும்.

என்ஜின் பேச்சு வந்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கறி ஆகாது என்று ஜமீலா பீவி தனியாகச் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் வைத்திருந்தாள். அதைச் சாப்பிடுவதற்காகவே நான் அந்த வீட்டுக்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்துப் போவதுண்டு.

"வண்ணார்பேட்டை கம்பெனில கேட்டுட்டேன்" என்றான் ஹாஜா. கார் விற்கிற டீலர் ஒர்க்ஷாப்பைத்தான் எல்லோரும் கம்பெனி என்பார்கள். "புது டீசல் என்ஜின அவங்களே மாட்டித் தாராங்களாம். கேரண்டிப் பேப்பரும் உண்டும்."

"பேப்பரு ஏத்தத்துல வண்டிய இழுக்குமா மச்சான்?" என்றான் ரசீது.

ஜமீலா பீவி சிரித்துவிட்டாள். ஹாஜாவும் சிரித்தான்.

"கம்பெனி என்ஜினக் கொற சொல்லல. நல்ல என்ஜின்தான். ஆனா ஒங்களுக்கு வேண்டிய வேகம் வராது. நான் கோயம்புத்தூர்ல ஒரு ஜப்பான் டீசல் என்ஜின் பாத்து வச்சிருக்கேன். அஞ்சு கியரு. இந்த முத்தத்துலயே வச்சி மாட்டிருதேன். ஆரல்வாய்மொழில நீங்க நிப்பாட்டவே வேண்டாம். வேகம் கூடும்லா, அதுக்குத் தக்கன பிரேக்கையும் மாத்திருவோம்."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க?" ஹாஜா என்னைக் கேட்டான்.

"ரெண்டும் ஓடும்" என்றேன். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாமான் என் கடையில்தான் வாங்கவேண்டும்.

"வீட்டுல வேல தெரிஞ்ச ஆளு இருக்கையில வெளிய எதுக்குல போய் நிக்கணும்?" என்று ஜமீலா பீவி முடித்துவைத்தாள்.

உள்ளே அடுப்படியில் ரசீதின் மனைவி முஃபீதா பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. ரசீது ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தான். அது எதற்கு என்று எனக்கு மறுநாள்தான் புரிந்தது. கடைக்கு வந்தவன், போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்.

"அண்ணாச்சி, ஸ்டாண்டுல இருவது வண்டி கெடக்கு. எல்லாம் பழைய பெட்ரோல் வண்டி. மச்சான் வண்டி ஒண்ணு ஓடிக் காட்டிட்டா, பாதி வண்டியாவது நம்மகிட்ட வரும். வந்தா நான் ஷார்ஜாவுக்குத் திரும்ப வேண்டாம். இங்கனயே ஒரு கூரையப் போட்டு உக்காந்துருவேன்."

"முஃபீதா என்ன சொல்லுதா?"

"கல்யாணமாயி ஆறு வருசம் ஆச்சு அண்ணாச்சி. நாங்க சேந்து இருந்தது மொத்தம் ஒம்பது மாசம்னு கணக்குச் சொல்லுதா. நான் பத்துன்னு நெனச்சிருந்தேன்."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரை வெயிலில் வேலை தொடங்கியது. முற்றத்தில் மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாகக் கட்டி, சங்கிலிக் கப்பி மாட்டி, பழைய என்ஜினைத் தூக்கி இறக்கினான். புது என்ஜின் அந்த வண்டிக்கென்று செய்ததல்ல. அதை உட்கார வைக்கும் தாங்கிகளை இவனே அளந்து, வெட்டி, வெல்டிங் வைக்கவேண்டும். பின்சக்கரத்துக்குப் போகும் நீள ராடை லேத்தில் கொடுத்து இரண்டு விரற்கடை குறைத்தான். பிரேக்கை லேசாக அழுத்தினாலே பிடிக்கிற மாதிரி பூஸ்டர் ஒன்று போட்டான். ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிய பிறகு அதன் தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பான். கோடு விலகியிருந்தால் போல்ட் இளகியிருக்கிறது என்று பார்த்ததும் தெரியும். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

முஃபீதா சாயங்காலங்களில் வாசல்படியில் உட்கார்ந்து அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினான்கு நம்பர் ஸ்பேனர் எது, பதினேழு எது என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டினால் சரியானதை எடுத்து வைப்பாள். ஆறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பதினெட்டாம் நாள் வண்டி கிளம்பியது. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி என்ஜின் நம்பரையும் முறைப்படி மாற்றிக்கொண்டார்கள். ரசீது வண்டியைப் பாளையங்கோட்டை, நாங்குநேரி என்று நான்கு நாள் விரட்டிப் பார்த்தபிறகுதான் ஹாஜாவிடம் சாவியைக் கொடுத்தான். முதல் திருவனந்தபுரம் சவாரி போய்விட்டு வந்த ஹாஜா, நேரே என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணாச்சி, ஆரல்வாய்மொழி ஏத்தத்துல நாலாவது கியருல ஏறிட்டு. வண்டில இருந்த ஒருத்தரும் ஏத்தம் வந்ததுன்னே சொல்லல."

ஸ்டாண்டில் காசிலிங்கம் என்று ஒரு டிரைவர். அங்கே அவன் சொல்தான் எடுபடும். அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒருநாள் தென்காசி வரை ஓட்டியும் பார்த்தான். "ஆனி மாசம் என் வண்டிய எடுத்துக்கோவே" என்று ரசீதிடம் சொல்லிவிட்டான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர் தயாராக இருந்தார்கள். ரசீது குலவணிகர்புரம் ரயில்வே கேட் பக்கம் கூரை போட இடம் பார்த்தான். நான் அவனுக்காக ஒரு செட் கேஸ்கட் தனியாக எடுத்து வைத்தேன்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனி தொடக்கத்தில் ஹாஜாவின் வண்டியில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. இறக்கத்தில் கியரைக் குறைத்தாலும், பிரேக்கை மிதித்தாலும் எங்கிருந்தோ டொக், டொக் என்று கேட்டது. ஹாஜா தனியாக இருக்கும்போது நிறுத்திப் பார்த்தான். மஞ்சள் கோடு ஒன்றுகூட விலகவில்லை. ஆனாலும் கியர் பெட்டிதான் கழன்று வருகிறதென்று அவன் மனசுக்குப் பட்டுவிட்டது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், "வண்டியில் ஒரு சத்தம் கேட்கிறது, என்னவென்று பாரும்" என்று கேட்டிருப்பார்கள். ஹாஜா கேட்கவில்லை. ரசீது அவனுக்குத் தங்கை மாப்பிள்ளை, அதிலும் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கிற மாப்பிள்ளை. அவனை அந்த வீட்டில் யாரும் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. சாப்பாட்டில் உப்பு அவன் கேட்பதற்கு முன்னால் வரும். அப்படிப்பட்ட மாப்பிள்ளையிடம், நீ செய்த வேலையில் கோளாறு என்று எப்படிச் சொல்வது? சொல்லி, அவன் முகம் வாடி, அது தங்கை தலையில் விடிந்தால்? இதையெல்லாம் ஹாஜா பிறகு என்னிடம் சொன்னான். சொல்லும்போது அழுதான். அப்போதும் எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது.

ஏர்வாடிக்கு இரண்டு நாள் சவாரி என்று வீட்டில் சொல்லிவிட்டு, வண்டியை வண்ணார்பேட்டை கம்பெனியில் கொண்டுபோய் விட்டான்.

கம்பெனியின் முன்புறம் மெயின் ரோட்டைப் பார்த்தபடி இருக்கும். சர்வீசுக்கு வந்த வண்டிகளை அங்கேதான் வரிசையாக நிறுத்துவார்கள். பானெட்டைத் தூக்கிக்கொண்டு ஹாஜாவின் வண்டி இரண்டு நாள் அங்கே நின்றது. சந்திப்புக்கும் பாளையங்கோட்டைக்கும் போகிற வருகிற டிரைவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். நானும் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ரசீது கடைக்கு வந்தான். காசிலிங்கம் வண்டிக்கு வேண்டிய சாமான்களைச் சிட்டையில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். வெளியே சாரல் அடித்தது. தலையைத் துடைத்துக்கொண்டே சிட்டையை நீட்டினான். இருபது வருஷம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன், எதைக் கேட்பது எதைக் கேட்காமல் இருப்பது என்று தெரிந்திருக்க வேண்டியவன், நான் கேட்டேன்.

"ஹாஜா வண்டி கம்பெனில நிக்கே, என்ன கோளாறுவே?"

"எந்தக் கம்பெனில?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "வண்ணார்பேட்டைல. நேத்துல இருந்து நிக்கே" என்றேன்.

ரசீது சிட்டையைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டான்.

அதே நேரத்தில் வண்ணார்பேட்டையில் நடந்ததை ஹாஜா சொல்லித் தெரிந்துகொண்டேன். கம்பெனியின் பெரிய மெக்கானிக் தேவதாசன் என்பவர் வண்டிக்கு அடியில் இரண்டு நாள் கிடந்திருக்கிறார். கியர் பெட்டியை இறக்கிப் பார்த்து மறுபடியும் ஏற்றியிருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஸ்டெப்னி டயரை உருவியபோது, டிக்கிக்கு அடியில் அது இருந்த இடுக்கிலிருந்து ஓர் எவர்சில்வர் சம்படம் உருண்டு வந்தது. மூடியைத் திறந்தால் நாரத்தங்காய் ஊறுகாய்.

விமானத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து கட்டிவரும் ஊறுகாயும் அப்பளமும் எடை கூடிப்போனால், அங்கேயே பெட்டியைப் பிரித்துப் பாதியை எடுத்து டிக்கியில் போட்டுவிடுவார்கள். அப்படி யாரோ எடுத்துப் போட்ட சம்படம் இடுக்கில் நழுவி, இறக்கத்துக்கு இறக்கம் உருண்டு தட்டிக்கொண்டிருந்தது.

"என்ஜின்ல ஒரு கொறையும் இல்ல" என்றாராம் தேவதாசன். "யாருய்யா மாட்டுனது? நம்ம கம்பெனில இவ்வளவு சுத்தமா ஒருத்தனும் செய்ய மாட்டான். அவர ஒருநாள் கூட்டிட்டு வாரும், பாக்கணும்."

ஹாஜா சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறான். ரசீது வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். ஏர்வாடி சவாரி எப்படி என்று கேட்கவில்லை. ஹாஜாவும் நல்ல செய்தியைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் கம்பெனிக்குப் போனதையும் சொல்லவேண்டுமே.

மறுநாள் ரசீது காசிலிங்கத்தைத் தேடி ஸ்டாண்டுக்குப் போனான். நான் குடையைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"இப்ப வேண்டாம்வே. ஐப்பசிக்கு மேல பாப்போம்" என்றான் காசிலிங்கம்.

"ஐப்பசில நான் இங்கன இருக்கணும்னா, இப்ப வேல வேணுமே அண்ணாச்சி."

காசிலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதயும். நீரு கெட்டிக்காரன்தான். ஆனா ஒம்ம மச்சினனே வண்டியக் கம்பெனிக்குக் கொண்டு போறான். வீட்டு ஆளுக்கே நம்பிக்க இல்லாத எடத்துல நான் எப்படிவே என் வண்டிய விடட்டும்? நானும் பிள்ளகுட்டிக்காரன்."

"அது ஊறுகாய்ச் சம்படம்வே" என்று நான் குறுக்கே விழுந்து கதையைச் சொன்னேன். காலையில்தான் ஹாஜா என்னிடம் சொல்லியிருந்தான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காசிலிங்கமும் சிரித்தான். சிரித்துவிட்டு, "சரி, ஐப்பசிக்கு மேல பாப்போம்" என்றான். கம்பெனியில் நின்ற வண்டியை அவர்கள் கண்ணால் பார்த்தாயிற்று. சம்படத்தைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

ரசீது யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். மற்ற நாலு பேரும் வரவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது மாமியாரிடம் சொன்னான்.

"வெள்ளிக்கெழம போறேன் மாமி."

ஜமீலா பீவி குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஹாஜா தட்டை விட்டு எழுந்து போய்விட்டான். அவன் கொல்லையில் நின்றபோது முஃபீதா பின்னால் போயிருக்கிறாள். அண்ணனிடம் அவள் சத்தம் போட்டதே இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"காக்கா, அவ்வோகிட்ட ஒரு வார்த்த கேட்டா எனக்குத்தான் கஷ்டம் வரும்னு நெனச்சீய. எனக்காவத்தான் கேக்காம இருந்தீய. எனக்காவக் கேட்டிருக்கலாமே."

பயணம் போகிறவரை வழியனுப்ப மேலப்பாளையத்தில் வீடே கிளம்பிவரும். ரசீது யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். வியாழக்கிழமை ஹாஜா என் கடைக்கு வந்து நின்றான்.

"நீங்க கூட வாங்க அண்ணாச்சி. அவரும் நானும் மட்டும் போனா எனக்கு மூச்சு நின்னுரும்."

வெள்ளிக்கிழமை விடியும்போது போனேன். இரண்டு மணிக்கு விமானம். பதினோரு மணிக்கு உள்ளே போனால் போதும். ஜமீலா பீவி மாப்பிள்ளை தலையில் கைவைத்து துஆ ஓதினாள். வழியில் தின்ன அவர்களுக்குக் கறி போட்ட தக்கடி கட்டிக் கொடுத்தாள், எனக்கு இட்லி. முஃபீதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ரசீது உள்ளே போய் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஹாஜா இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு மாப்பிள" என்று குரல் கொடுத்தான். ஆறு அடிப்பதற்குள் ரசீது வந்து ஏறிக்கொண்டான்.

வண்டி ஓடிய ஓட்டத்தை என்ன சொல்ல. நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு என்று ஊர்கள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆரல்வாய்மொழியில் ஆனிக் காற்று வண்டியையே தள்ளப் பார்த்தது. அதை எதிர்த்து நாலாவது கியரில் ஏறியது. முன்னே தண்ணீர் ஊற்ற நிறுத்துகிற இடத்தில் ஹாஜா காலைக்கூட எடுக்கவில்லை. ரசீது கண்ணை மூடி என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கினால் மணி ஒன்பதே கால் ஆகவில்லை. விமான நிலையத்துக்கு எதிரே சங்குமுகம் கடற்கரையில் வண்டியை நிறுத்தினோம். தக்கடியைப் பிரித்து யாரும் தொடவில்லை. ஹாஜா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாப்பிள, நான் ஒங்ககிட்டயே கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா டிக்கியத் தொறந்து பாத்திருப்போம் மச்சான்" என்றான் ரசீது. "ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம்."

மூவரும் பதினோரு மணிவரை அங்கே சும்மா உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஒரு காலைநேரம் போனதில்லை.

வாசலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டபோது ரசீது சொன்னான். "அஞ்சாயிரம் ஓடுனதும் வால்வு இடைவெளி ஒருக்கா பாக்கணும் மச்சான். மறந்துராதீங்க. கம்பெனில தேவதாசன்னு ஒருத்தர் இருக்காராமே, அண்ணாச்சி சொன்னாவ. அவர்கிட்டயே விடுங்க." குத்திக் காட்டுகிற குரல் இல்லை. வண்டிக்கு எது நல்லதோ அதைத்தான் சொன்னான். ஹாஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றான். நான்தான் விடுவித்தேன்.

திரும்பி மேலப்பாளையம் வந்தபோது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜமீலா பீவி வாசலுக்கு வந்தாள்.

"நேரத்துக்குப் போய்ச் சேந்தீயளா?"

"சேந்துட்டோம் உம்மா" என்றான் ஹாஜா. தாயைத் தேற்றுவதற்கு ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, "வண்டி பறந்துட்டு. ரெண்டு மணி நேரம் முந்தியே போயிட்டோம். அந்தக் கடக்கரையிலதான் உக்காந்திருந்தோம்" என்றான்.

முஃபீதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"அந்த ரெண்டு மணி நேரம் இங்கன இருந்திருப்பாவல்லா" என்றாள்.